பக்கத்து நட்சத்திரம் பறிப்பதும் பாதுகாப்பதும்: கோள் பிறக்கும் வட்டுகளின் ஆயுள் கதை

நம் சூரியன் ஒற்றைப் பிள்ளை. வானத்தில் ஒன்றுதான் உதிக்கிறது, ஒன்றுதான் மறைகிறது. அதைப் பார்த்தே வளர்ந்ததால் நட்சத்திரம் என்றாலே தனியாக இருப்பது என்று மனசில் பதிந்துவிட்டது. கணக்கெடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. சூரியனை ஒத்த நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதிக்குத் துணை உண்டு. பெரும்பாலும் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிவரும்; சில இடங்களில் மூன்று, நான்கு, ஐந்துகூட. நமக்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரியே மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்த குடும்பம்தான்.

கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நாம் படித்த கதையோ ஒற்றை நட்சத்திரத்துக்கான கதை. நடுவில் ஒரு இளம் நட்சத்திரம், சுற்றிலும் வாயுவும் தூசியும் நிறைந்த தட்டையான வட்டு, அந்த வட்டுக்குள் தூசி திரண்டு கோள். சரி, பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் நின்று இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வட்டு என்ன ஆகும்? கலைந்துவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பாதி சரி. துணை நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வட்டு சீக்கிரம் அழியலாம். வழக்கத்தைவிட நீண்ட நாள் வாழவும் செய்யலாம்.

முதலில் வட்டு

ஒரு வாயு மேகம் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரியும்போது நட்சத்திரம் பிறக்கிறது. எந்த மேகமும் கொஞ்சமாவது சுழன்றுகொண்டுதான் இருக்கும். சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமாகிறது. சுழல் அச்சின் வழியாக விழும் வாயுவுக்குத் தடை இல்லை. பக்கவாட்டில் இருக்கும் வாயுவை மட்டும் சுழற்சி விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் எல்லாம் ஒரு தளத்தில் வந்து படிந்து வட்டு ஆகிறது. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வாயு, ஒரு பங்கு தூசி என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கோள்களின் பாறைக்கும் உலோகத்துக்கும் மூலப்பொருள் அந்த ஒரு பங்குதான்.

தூரத்தை இங்கே வானியல் அலகில் சொல்வது வசதி. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம், அதாவது ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர், ஒரு அலகு. வியாழன் 5 அலகில், சனி 9.5-ல், யுரேனஸ் 19-ல், நெப்டியூன் 30-ல், புளூட்டோ சராசரியாக 39.5-ல். கோள் பிறக்கும் வட்டுகள் பல பத்து அலகிலிருந்து சில நூறு அலகு வரை பரந்திருக்கும்.

இந்த வட்டு எத்தனை நாள் இருக்கும்? ஒரே வட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தெரியாது, நம் ஆயுள் போதாது. வானியலாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன. ஒரே கூட்டத்தில் உள்ளவை ஏறக்குறைய சம வயது. வட்டில் இருக்கும் தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிர்வதால், நட்சத்திரம் தரவேண்டிய அளவைவிட அகச்சிவப்பு கூடுதலாக இருந்தால் வட்டு இருக்கிறது என்று அர்த்தம். பல வயதுக் கூட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு வட்டு மிச்சம் என்று எண்ணினால் போதும். 2001-ல் வெளியான ஒரு பிரபலமான கணக்கின்படி சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் பாதி நட்சத்திரங்கள் வட்டை இழந்துவிடுகின்றன. 60 லட்சம் ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே.

நம் சூரியனின் வட்டுக்கும் இதேபோல ஒரு எண் கிடைத்திருக்கிறது. பழமையான சில விண்கற்களில் உறைந்திருக்கும் காந்தத் தடயத்தை 2017-ல் அளந்தார்கள். வட்டு இருந்தவரை அதற்குள் ஒரு காந்தப்புலமும் இருந்தது. சூரியக் குடும்பம் தொடங்கி சுமார் 40 லட்சம் ஆண்டுகளில் உறைந்த கற்களிலேயே அந்தப் புலத்தின் தடயம் இல்லை. வட்டின் வாயு அதற்குள் போய்விட்டது.

30 லட்சம் என்பது நமக்கு நீண்ட காலம். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தின் ஆயுளை நூறு வருஷமாகச் சுருக்கிப் பாருங்கள். அதில் வட்டு இருப்பது முதல் பதினோரு நாள்தான். வியாழனைப் போன்ற வாயுக் கோள் உருவாக வேண்டுமென்றால் அந்தப் பதினோரு நாளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது வாயுவை வட்டிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பூமி மாதிரிப் பாறைக் கோளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. வாயு போன பிறகும் கற்கள் மோதி மோதிச் சேரலாம். ஆனாலும் தூசி திரண்டு பெரிய கற்களாக மாறும் முதல் கட்டம் வட்டுக்குள்தான் நடக்க வேண்டும்.

வட்டு எப்படிச் சாகிறது?

வட்டை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். அடியில் ஒரு ஓட்டை, மேலே வெயில். ஓட்டை வழியாக ஒழுகுவது, வெயிலில் ஆவியாவது, இரண்டாலும் தொட்டி வற்றும்.

ஓட்டை என்பது நட்சத்திரம். வட்டுக்குள் உரசலும் காந்தப்புலமும் சேர்ந்து வாயுவின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, வாயு உள்ளே நகர்ந்து நட்சத்திரத்தின்மேல் விழுகிறது. ஒரு மாதிரிக் கணக்கு: வட்டின் எடை சூரியனில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய பத்து வியாழன். ஆண்டுக்குச் சூரிய எடையில் பத்துக் கோடியில் ஒரு பங்கு விழுகிறது என்று வைப்போம். இளம் நட்சத்திரங்களில் சாதாரணமாகக் காணப்படும் வேகம் இது. அப்படியே விழுந்தால் 10 லட்சம் ஆண்டில் வட்டு காலி. உண்மையில் வட்டு இளைக்க இளைக்க ஒழுகும் வேகமும் குறைவதால் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

வெயில் என்பதும் அதே நட்சத்திரம்தான். இளம் நட்சத்திரங்கள் எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரையும் தாராளமாகக் கொட்டுகின்றன. அவை வட்டின் மேற்பரப்பைச் சூடாக்க, நட்சத்திரத்தின் பிடி தளர்ந்த தூரங்களில் வாயு காற்றாய்க் கிளம்பிப் பறந்துவிடுகிறது. இதை ஒளியாவியாதல் என்கிறார்கள். தொடக்கத்தில் ஒழுகல்தான் பெரிது. ஒழுகும் வேகம் குறைந்து ஆவியாகும் வேகத்துக்குக் கீழே வந்ததும் ஆவியாதல் முந்திக்கொள்கிறது, அதற்குப் பிறகு வட்டு மளமளவென்று கலைந்துவிடும்.

இன்னொன்றும் இங்கே முக்கியம். வட்டின் வெளிப்பகுதிதான் சேமிப்புக் கிடங்கு. உள்ளே இருக்கும் வாயு சீக்கிரம் நட்சத்திரத்தில் விழுந்துவிடும். வெளியே தள்ளியிருப்பது மெதுவாகத்தான் நகரும். நாலைந்து அலகில் இருக்கும் வாயுவைவிட நூறு அலகில் இருக்கும் வாயு உள்ளே வந்து சேர மிக அதிகக் காலம் பிடிக்கும். உள்வட்டு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிழைத்திருப்பதே வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும் இந்த வாயுவால்தான். மீதிக் கதை முழுக்கக் கிடங்கையும் ஓட்டையையும் பற்றியது.

ஈர்ப்பு தள்ளுமா?

துணை நட்சத்திரம் வட்டுக்கு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வட்டு, அந்த வட்டுக்கு அப்பால் இரண்டாவது நட்சத்திரம். அது வட்டின் ஓரத்தை வெளியே இழுத்துப் பிய்த்துக்கொண்டு போகும் என்று தோன்றும். கொஞ்சம் பிய்க்கத்தான் செய்யும். ஆனால் நீண்ட காலத்தில் பெரிதாக நடப்பது அதற்கு நேர் எதிர்: வட்டின் ஓரம் உள்ளே தள்ளப்படுகிறது.

இதற்குக் கோண உந்தம் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம், சுழற்சியின் கையிருப்பு என்று எடுத்துக்கொண்டால் போதும். சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பொருளிடமிருந்து இந்தக் கையிருப்பைப் பிடுங்கினால் அது உள்ளே இறங்கும். கூடக் கொடுத்தால் வெளியே ஏறும். ஒரே மையத்தைச் சுற்றும் இரண்டு பொருள்களில் உள்ளே இருப்பது சீக்கிரம் சுற்றி முடிக்கும், வெளியே இருப்பது மெதுவாகச் சுற்றும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் திரும்பத் திரும்ப முந்திக்கொண்டு போகும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வட்டு விஷயத்தில் இந்த இழுபறியின் நிகர விளைவு என்னவென்றால், வேகமாகச் சுற்றும் உள்பொருள் கையிருப்பை இழக்கிறது, மெதுவாகச் சுற்றும் வெளிப்பொருள் அதைப் பெற்றுக்கொள்கிறது. உள்ளே இருப்பது இன்னும் உள்ளே போகும், வெளியே இருப்பது இன்னும் வெளியே. இழுக்க மட்டுமே தெரிந்த ஈர்ப்பு தள்ளுவதுபோல வேலை செய்வது இப்படித்தான். எனக்கு வானியலில் மிகவும் பிடித்த முரண்களில் இது ஒன்று. சனியின் வளையத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம்: பான் என்ற குட்டி நிலா தன் பாதையின் இருபக்கமும் வளையத் துகள்களை ஒதுக்கி, என்கே இடைவெளியைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆக, வெளியே நிற்கும் துணை நட்சத்திரம் வட்டை வெட்டுகிறது. எவ்வளவு தூரத்தில்? இரண்டும் ஒரே எடை, பாதையும் வட்டமானது என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு வட்டு நின்றுவிடும். பாதை நீள்வட்டமாக இருந்தால் இன்னும் மோசம், நெருங்கி வரும் புள்ளியில் அது இன்னும் உள்ளே வரை வெட்டும். சூரியனுக்குப் புளூட்டோ இருக்கும் தூரத்தில் இன்னொரு சூரியன் இருந்திருந்தால் நம் வட்டு 13 அலகுக்கு மேல் பரவியிருக்காது. வியாழனுக்கும் சனிக்கும் இடம் இருந்திருக்கும். யுரேனஸ், நெப்டியூன் இடத்தில் ஒன்றும் இருந்திருக்காது.

இடம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய நஷ்டம் ஆயுளில்தான். வெட்டுப்பட்டது எந்தப் பகுதி? மெதுவாக ஊட்டிக்கொண்டிருந்த அந்தக் கிடங்கு. மிஞ்சியதோ சீக்கிரம் ஒழுகும் உள்பகுதி. தனி நட்சத்திரத்தின் வட்டு வயதாக ஆக மெல்ல வெளியே பரவும். இங்கே துணை நட்சத்திரம் அதற்கும் வழி விடுவதில்லை. ஓட்டை அதே ஓட்டை, தொட்டி மட்டும் சின்னதாகிவிட்டது.

வட்டு கலையும் விதமும் மாறுகிறது. தனி நட்சத்திரத்தின் வட்டில் கடைசிக் கட்டத்தில் நடுவில் ஒரு வெற்றிடம் விழும். உள்பகுதி காலியாகி, வெளி வளையம் கொஞ்ச நாள் மிச்சமிருக்கும். நெருக்கமான இரட்டை நட்சத்திரங்களைக் கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தால் வட்டு வெளியிலிருந்து உள்நோக்கிக் கலைகிறது. நடுவில் வெற்றிடம் விழுந்த வட்டுக் கட்டத்தை அவை தொடுவதே இல்லை.

தூசிக்கு இதைவிடக் கெட்ட செய்தி. வாயு தன் அழுத்தத்தாலும் தாங்கப்படுவதால் தூசியைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கூழாங்கல் அளவுக்கு வளர்ந்த துகள்களுக்கு இது எப்போதும் எதிர்க்காற்று. கையிருப்பை இழந்து அவை நட்சத்திரத்தை நோக்கி வழுக்கிக்கொண்டே வரும். வெளியிலிருந்து புதுத் தூசி வந்துகொண்டிருந்தால் ஈடாகும். வெட்டுப்பட்ட வட்டில் வருவதற்கு ஆள் இல்லை, அதனால் தூசி வாயுவுக்கு முன்பே தீர்ந்துபோகிறது.

ரிஷபத்தில் எண்ணிப் பார்த்தபோது

ரிஷப விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில், இளம் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் பெரிய மேகம் ஒன்று இருக்கிறது. வட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது அக்கம்பக்கம் மாதிரி. எல்லாரும் அங்கேதான் போவார்கள். 2012-ல் வெளியான ஒரு ஆய்வு அங்கே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் துணை உண்டா, எவ்வளவு நெருக்கம், வட்டு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தது. 40 அலகுக்கும் குறைவான தூரத்தில் துணை உள்ளவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 10 லட்சம் ஆண்டுகளிலேயே வட்டை இழந்திருந்தன. தனி நட்சத்திரங்களிலும் விலகிய இரட்டைகளிலும் நூற்றுக்கு 80 முதல் 90 வரை 20, 30 லட்சம் ஆண்டுகள் ஆகியும் வட்டை வைத்திருந்தன.

கவனியுங்கள்: அந்த நெருக்கமான இரட்டைகளில் மீதி மூன்றில் ஒரு பங்கு வட்டை விடவில்லை. இந்தக் கதையில் எல்லா எண்ணும் இப்படித்தான், சாய்வு இருக்கும், ஆனால் முழுத் தீர்ப்பு கிடைக்காது.

அதே ஆண்டு அதே பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வு, தூசி எவ்வளவு மிச்சம் என்பதை மில்லிமீட்டர் அலை ஒளிர்வை வைத்து அளந்தது. துணை 300 அலகுக்கு அப்பால் இருந்தால் தனி நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 30-க்கும் 300-க்கும் நடுவே என்றால் ஒளிர்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 30-க்கும் கீழே வந்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு.

வட்டு இப்படிக் கரைந்தால் அதன் தடம் கோள்களிலும் தெரிய வேண்டும் அல்லவா? தெரிகிறது. கெப்ளர் விண்தொலைநோக்கி கோள்கள் இருப்பதாகக் கண்டுபிடித்த 382 நட்சத்திரங்களைக் கூர்ந்து படமெடுத்து, துணை இருக்கிறதா என்று தேடிய ஆய்வு 2016-ல் வந்தது. 47 அலகுக்கு உள்ளே துணை இருந்தால், கோள் கிடைக்கும் வாய்ப்பு மற்ற நட்சத்திரங்களுக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். நம் பால்வழியில் சூரியனை ஒத்த நட்சத்திரங்களில் ஐந்தில் ஒன்றுக்கு, துணையின் காரணமாகவே கோள் குடும்பம் வாய்க்காமல் போகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வட்டு கலையும் 40 அலகும், கோள் குறையும் 47 அலகும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூரத்துத் துணை எப்போதுமே சாது என்றும் சொல்ல முடியாது. ஆர்.டபிள்யூ. ஆரிகே என்ற இரட்டையில் துணை நட்சத்திரம் கிட்டே வந்து போனபோது வட்டிலிருந்து வாயுவைப் பிய்த்து, சுமார் 600 அலகு நீளத்துக்கு ஒரு வால்போல இழுத்து விட்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, ஜி.ஜி. டாரி. ஏறக்குறைய 35 அலகு இடைவெளியில் நட்சத்திரங்கள் சுற்றும் அமைப்பு. மேலே சொன்ன கணக்குப்படி அதன் உள்வட்டு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, 180 அலகிலிருந்து 260 அலகு வரை, ஒரு பிரமாண்ட வளையம் நிற்கிறது. அந்த வளையத்திலிருந்து உள்வட்டை நோக்கி வாயு இறங்கி வருவதை, சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் அல்மா தொலைநோக்கி வரிசை காட்டியது. 2014-ல் அந்த முடிவு வெளியானது. கிடங்கை வெட்டிவிட்ட பிறகும் வெளியே வேறொரு கிடங்கு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் போல.

நேரம் இல்லாமலே பிறந்த கோள்

காமா செஃபி என்ற நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதற்குச் சுமார் 20 அலகில் துணை, அதுவும் நீள்வட்டப் பாதையில். நெருங்கும்போது 12 அலகுக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வட்டு நாலைந்து அலகைத் தாண்டியிருக்க முடியாது. ஆனாலும் அங்கே 2 அலகுத் தூரத்தில் வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று சுற்றுகிறது. 1988-லேயே சந்தேகம் எழுந்து, 2003-ல் உறுதியானது. துணையால் கோளே பிறக்காது என்று எழுதிவிடலாம் என்று நினைக்கிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளும் கோள் இது. குறைந்த நேரத்தில், குறைந்த இடத்தில், அவ்வளவு பெரிய கோள் திரண்டிருக்கிறது என்றால், ஒரு சில இடங்களிலாவது கோளாக்கம் மிகச் சீக்கிரம் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அந்த வட்டு பிறக்கும்போதே மிகக் கனமாக இருந்திருக்க வேண்டும்.

ஆல்ஃபா சென்டாரியும் இதே வகை. அதன் இரு பெரிய நட்சத்திரங்களும் 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. நெருங்கும்போது 11 அலகு, விலகும்போது 36 அலகு. சிறு தொலைநோக்கி இருந்தாலே ஒரு புள்ளி இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் வட்டும் மூன்று அலகுக்குள், நம் ஊர்க் கணக்கில் சிறுகோள் பட்டை வரைக்கும்தான், அடங்கியிருக்க வேண்டும். பெரியதான ஏ நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒரு வாயுக் கோள் இருக்கலாம் என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் எடுத்த படத்தை வைத்து 2025-ல் அறிவித்தார்கள். அடுத்து எடுத்த படங்களில் அது தெரியவில்லை. பாதையில் நட்சத்திரத்துக்கு மிக அருகே போய் மறைந்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இப்போதைக்கு அது உறுதியாகாத வேட்பாளர்தான்.

துணை உள்ளே இருந்தால்

இதுவரை துணை வட்டுக்கு வெளியே. இரண்டு நட்சத்திரங்களும் ஒட்டி உறவாடிக்கொண்டு, வட்டு இரண்டையும் சேர்த்துச் சுற்றினால்?

கையிருப்பு விதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வேகமாகச் சுற்றுவது நட்சத்திர ஜோடி, மெதுவாகச் சுற்றுவது வட்டு. ஜோடி கொடுக்கிறது, வட்டு வாங்குகிறது. வட்டின் உள்விளிம்பு வெளியே தள்ளப்பட்டு, நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலத்தில் அந்த விளிம்பு நிற்கும். தொட்டி பாஷையில் சொன்னால், ஓட்டையில் கொஞ்சம் அடைப்பு விழுந்துவிட்டது.

எவ்வளவு இறுக்கமான அடைப்பு என்பதில் விவாதம் உண்டு. கணினி மாதிரிகளில் விளிம்பிலிருந்து மெல்லிய வாயு ஓடைகள் வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே பாய்வதைப் பார்க்கிறார்கள். சில மாதிரிகளில் தனி நட்சத்திரத்துக்கு விழும் அளவே விழுகிறது. ஆனாலும் வயதான வட்டுகளின் பட்டியலை எடுத்தால் நெருங்கிய ஜோடிகள் கண்ணில் படுகின்றன. தனுசின் திசையில், சுமார் 235 ஒளியாண்டில் இருக்கும் வி4046 சஜிட்டரியில் இரண்டு நட்சத்திரங்கள் 2.4 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. வயது ஒரு கோடி ஆண்டுக்கு மேல். வட்டு இன்னும் வாயுவோடு கொழுகொழுவென்று, நூற்றுக்கணக்கான அலகுக்குப் பரந்து இருக்கிறது. அதற்காக, வயதான வட்டு என்றால் உள்ளே ஜோடி இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுமார் 200 ஒளியாண்டில் இருக்கும் டி.டபிள்யூ. ஹைட்ரே தனி நட்சத்திரம். அதுவும் ஒரு கோடி ஆண்டை ஒட்டிய வயதில் வட்டோடு இருக்கிறது.

இந்த வழியில் பிறக்கும் கோள்களும் உண்டு. 2011-ல் கண்டுபிடித்த கெப்ளர்-16 பி, 41 நாளுக்கு ஒருமுறை சுற்றும் ஜோடியை 229 நாளில் சுற்றி வருகிறது.

நான்கு நட்சத்திரங்கள், ஒரு வட்டு

எச்.டி. 98800, சுமார் 150 ஒளியாண்டுத் தூரம். இரண்டு ஜோடிகள், மொத்தம் நான்கு நட்சத்திரங்கள். ஏ ஜோடியும் பி ஜோடியும் ஏறக்குறைய 50 அலகு இடைவெளியில், ஒரு சுற்றுக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு சுற்றுகின்றன. பி ஜோடியின் இரு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று 315 நாளில் சுற்றுகின்றன. அந்த பி ஜோடியைச் சுற்றித்தான் வட்டு. வெறும் நாலைந்து அலகு ஆரம். ஏ ஜோடி அதற்குமேல் பரவ விடவில்லை. முதல் பாதியில் சொன்ன கணக்குப்படி இந்த அளவு வட்டு 10 லட்சம் ஆண்டு தாண்டினாலே அதிசயம். அதன் வயது ஒரு கோடி ஆண்டு. வாயுவும் இன்னும் இருக்கிறது.

இங்கே இரண்டு துணைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. உள்ளே பி ஜோடி கையிருப்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் வாயுவால் உள்ளே விழ முடியவில்லை. அந்தக் கையிருப்பை வாங்கிக்கொண்டு வட்டு வெளியே பரவியிருக்கும். வெளியே நிற்கும் ஏ ஜோடி அதை வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொண்டு வட்டை அதே இடத்தில் நிறுத்துகிறது. முன்னே போனால் கடிக்கும் பின்னே போனால் உதைக்கும் என்பது போல வாயு நடுவில் மாட்டிக்கொண்டது. ஓட்டை அடைபட்டாயிற்று. பாக்கி வெயில் மட்டும்தான். வட்டு மிகச் சிறியது, அதனால் கதிர்பட்டு ஆவியாகும் பரப்பும் குறைவு; அதோடு வாயு நட்சத்திரத்தின் பிடிக்குள்ளேயே கிடக்கிறது. வெளியே வெட்டிய துணை தனியாக இருந்திருந்தால் வட்டைக் கொன்றிருக்கும். உள்ளே ஒரு ஜோடியும் சேர்ந்ததால் அதே வெட்டு ஆயுளை நீட்டிவிட்டது.

உள்ளே ஒரு ஜோடி, வெளியே ஒரு துணை என்ற அமைப்பில் வட்டு எத்தனை நாள் வாழும் என்று 2021-ல் கணினியில் ஓட்டிப் பார்த்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது: துணைகளின் தூரம் வாகாக அமைந்து, எக்ஸ் கதிரும் மிதமாக இருந்தால், அப்படிப்பட்ட வட்டு தனி நட்சத்திரத்தின் வட்டைவிட நீண்ட காலம் நிற்கும்.

இந்த வட்டுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அல்மா எடுத்த படங்களை வைத்து 2019-ல் தெரிந்தது: வட்டு பி ஜோடி சுற்றும் தளத்தில் இல்லை, அதற்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கிறது. உள்ஜோடியின் பாதை மிக நீண்ட நீள்வட்டம் என்பதால் அந்த நிலையில்தான் வட்டு நிலையாக இருக்க முடிகிறது. அந்த வட்டில் கோள் ஒன்று பிறந்திருந்தால், அதன் தரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு சூரியன்களும் கோள் சுற்றும் தளத்தோடு பக்கவாட்டில் அல்லாமல், அந்தத் தளத்துக்கு மேலும் கீழுமாக இடம் மாறிக்கொண்டிருக்கும்.

நாம் பார்க்கும் கோணத்தில் ஏ ஜோடி இப்போது அந்த வட்டின் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2026-ல் வட்டு அதை மறைக்கத் தொடங்கும் என்று பாதையைக் கணக்கிட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏ ஜோடியின் வெளிச்சம் வட்டின் ஓரத்தில் எப்படி மங்குகிறது, எங்கே ஊடுருவுகிறது, எங்கே முழுசாக அணைகிறது என்று அளந்தால், ஒரு கோடி ஆண்டாக அடைபட்டுக் கிடக்கும் அந்தத் தூசியின் குறுக்குவெட்டு நமக்குக் கிடைத்துவிடும்.